பட்டைக்குக் கீழே

என் மகள் சொல்லாமல் கொள்ளாமல் பிறந்தாள். வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் பூவின் குறுக்குவெட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தபோது எனக்குப் பனிக்குடம் உடைந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். அன்று மாலைக்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். சிஸ்டர் ஒரு துணிச்சுருளைக் காட்டி, பெண் குழந்தை என்றார். நான் துணியைத்தான் பார்த்தேன். குழந்தை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எனக்கு வாய் நீளம். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு ஜில்லாக்காரர். குழாயடியில் எல்லா ஜில்லாப் பேச்சிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். அந்த வாய், டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டுக்குள் நுழைந்ததும் அடைத்துப்போனது. அங்கே எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள். கருவிகள் மட்டும் சத்தமாகப் பேசின.

அவற்றில் ஒன்று புதிது. வார்டுக்கு வந்தே சில வாரங்கள்தான் ஆகின்றன என்றார் டாக்டர். இளவயதுக்காரர், தூக்கமில்லாத முகம். என் மகளின் தொப்புளுக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டையை ஒட்டி, அது நகராமல் இருக்க மெல்லிய துணியைச் சுற்றியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குப் போனது. பெட்டியில் இரண்டு எண்கள் தெரிந்தன, ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்.

"டார்ச்ச உள்ளங்கையில வச்சு அடிச்சா விரல் செவப்பாத் தெரியுமில்லைங்களா, அதே வேலைதான் இது. பட்டையிலேருந்து ஒரு வெளிச்சம் உள்ள போகும். குடல்ல இருக்கிற ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுத் திரும்பி வரும். அதான் பச்சை. மஞ்சள், வயிறு எவ்வளவு இறுக்கமா இருக்குங்கறது. முன்னெல்லாம் இதுக்கு மூத்திரப்பைக்குள்ள குழாய் விடணும். இதுக்கு ஊசியும் கிடையாது, குழாயும் கிடையாது."

"இது எதுக்கு டாக்டர் இவளுக்கு?" என்று கேட்டேன்.

அவர் அவள் வயிற்றைச் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "கொறைமாசக் குழந்தைங்களுக்குக் குடல்தாங்க பயம். ரத்தம் சரியாப் போகலன்னா குடல் உள்ளுக்குள்ளயே அழுகிடும். எக்ஸ்ரேல தெரியறப்போ லேட்டாயிடும். பச்சை இறங்கி மஞ்சள் ஏறினா நாம உஷாராயிடலாம்."

அறிவியல் டீச்சர் என்று பெயர்தான். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த அறிவியல் எல்லாம் அந்த இரண்டு எண்கள்தான். பச்சை அறுபதை ஒட்டி நின்றால் மூச்சு விடுவேன். ஐம்பத்தைந்து என்றால் சிஸ்டரைத் தேடுவேன்.

என் கணவருக்கு அந்தப் பெட்டி கண்டதும் பிடித்துவிட்டது. அவர் சுரங்கத்தில் இன்ஸ்ட்ரூமென்ட் பிரிவில் வேலை செய்கிறார், பெர்மனென்ட். நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் மேல் நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். ராப்பகலாகப் பம்புகள் ஓடி அந்த அழுத்தத்தை இறக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே உப்பி வெடித்துவிடும். அந்த அழுத்தம் எவ்வளவு என்று காட்டுகிற மீட்டர்களும், கன்வேயர் பெல்ட்டில் வெளிச்சத்தை வைத்து வேலை செய்கிற சென்சார்களும் அவர் பொறுப்பு. மனிதர் சொல்வதை அவர் நம்ப நாள் ஆகும். மீட்டர் சொன்னால் உடனே நம்புவார். அதுவும் துடைத்த பிறகுதான். எந்த மீட்டர் கோளாறாகக் காட்டினாலும் முதலில் அவர் செய்வது கண்ணாடியைத் துடைப்பது. சுரங்கத்துக் கரித்தூள் எங்கேயும் போய் அப்பிக்கொள்ளும். வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யவில்லையென்றாலும் அதன் மூக்கைத் துடைப்பார். கண் மங்கலாகத் தெரிகிறது என்று நான் சொன்னால், என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, "இப்பச் சொல்லு" என்பார். பத்து வருடக் கல்யாணத்தில் இதற்காகவே நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் குறைவு.

அவருடைய அண்ணி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து எனக்குத் துணைக்கு வந்திருந்தார். என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனிகள் கருத்துப்போனவர். அதிகம் பேச மாட்டார். நான் பால் எடுக்கப் போகும் நேரத்தில் வார்டுக்குள் ஒருவர் உட்காரலாம் என்பதால், காலையில் கொஞ்ச நேரம் அக்கா மேலங்கி போட்டுக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பார். மற்ற நேரமெல்லாம் நடைபாதை பெஞ்சுதான்.

வந்த அன்றே அவர் முந்தானையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வசம்புத் துண்டை எடுத்தார். எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கு வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். காற்று இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. என் கணவர் அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணி, இங்க மெஷின் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இந்த வசம்பு, உரமருந்தெல்லாம் வாசலோட வச்சுக்குங்க."

"நான் இன்னாத்துக்கு தம்பி தடவப் போறேன்? சும்மா இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றார் அக்கா.

என் கணவர் நகர்ந்ததும் அக்கா துண்டை ஒடித்துப் பாதியை என் கையில் வைத்து அழுத்தினார். "பைல போட்டு வச்சுக்க. அதுங்கிட்ட சொல்லிக்கினு இருக்காத." பெரியவர் கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது என்று வாங்கிக் கைப்பையில் போட்டேன். மரியாதைக்குத்தான். ஆனால் பால் எடுக்கும் அறையில் தனியாக இருக்கும்போது பையைத் திறந்து அதை முகர்ந்து பார்ப்பேன் என்பதும் உண்மை. அந்த ஆஸ்பத்திரியில் குழந்தை இருக்கும் வீட்டின் வாசனை அதில் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் அவள் வயிறு உப்பத் தொடங்கியது.

முதலில் நான் கவனிக்கவில்லை. குழாய் வழியாகக் கொடுக்கும் பால் ஜீரணமாகாமல் அப்படியே திரும்பி வருகிறது என்று சிஸ்டர்தான் சொன்னார். பிறகு பார்த்தால் வயிற்றுத் தோல் மினுமினுத்தது. மஞ்சள் எண் மெல்ல ஏறியிருந்தது. பச்சை இன்னும் நன்றாகவே இருந்தது. டாக்டர் பாலைக் குறைத்துவிட்டு, "பச்சை நிக்கற வரைக்கும் பயமில்ல, ஆனா பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். என் கணவர் அன்று மாலை முழுவதும் பெட்டிக்கு எதிரே நின்றார். நான் போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். அவர் மஞ்சள் எண்ணிலேயே கண் வைத்திருந்தார்.

மறுநாள் அவருக்கு செகண்ட் ஷிப்ட். மதியம் போவதற்கு முன்னால் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் முறை அவருடையது. அங்கே அதைக் கங்காரு என்பார்கள். சட்டையைக் கழற்றி, குழந்தையை நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்து ஒரு பருத்தித் துணியால் கட்டிவிடுவார்கள். ஒரே இடத்தில் இருந்தால் தோல் புண்ணாகும் என்று அந்த நேரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டு, முடியும்போது திரும்ப ஒட்டுவார்கள். அவர் கட்டியிருந்த நேரம் முடிந்து, துணியை அவிழ்த்துக் குழந்தையை என் நெஞ்சுக்கு மாற்றினோம். சில்லென்று ஆகக் கூடாதென்று சிஸ்டர் உடனே துணியைக் கட்டி, பக்கவாட்டில் கையை உள்ளே விட்டு, தடவிப் பார்த்தே பட்டையை ஒட்டி, துணிப்பட்டியைச் சுற்றினார். என் கணவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழக்கமாகக் குழந்தையின் தலையில் ஒரு விரலை வைத்துவிட்டுப் போவார். அன்று என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

பெட்டி கொஞ்ச நேரம் கோடுகளைக் காட்டியது. பிறகு பச்சை எண் வந்தது. முப்பத்தொன்று.

நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். இருபத்தாறு ஆனது. சிஸ்டர் வந்து ஒயரைப் பார்த்தார், துணிக்குள் கைவிட்டுப் பட்டையை அழுத்தினார். இருபத்திரண்டு. எண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்து கருவி கத்தத் தொடங்கியது. சிஸ்டரின் முகத்தில் நான் பார்த்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் போனை எடுத்தார்.

டாக்டர் கீழே புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பேசிய பாதிதான் எனக்குக் கேட்டது. மஞ்சள் நேற்றிலிருந்து ஏற்றம், பச்சை சடாரென்று இறக்கம். பாலை நிறுத்தியாச்சு டாக்டர். சரி டாக்டர். பாண்டிச்சேரிக்குச் சொல்லிடறேன் டாக்டர். வண்டி ரெடி பண்றேன்.

"எதுக்கு வண்டி?" என்றேன்.

"இங்க ஆபரேஷனுக்கு ஆள் இல்லம்மா. குடல்ல ரத்தம் போகலன்னா வயித்தத் தொறந்து பாக்கணும். டாக்டர் இதோ வர்றாரு. அதுவரைக்கும் நீங்க அசையாம அப்படியே இருங்க."

வயிற்றைத் திறப்பது. என் நெஞ்சில் அவள் மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது. சின்னதாக, விட்டு விட்டு. அவளுக்குள் ஏதோ செத்துக்கொண்டிருக்கிறது, என் தோலுக்கு அந்தப் பக்கத்திலேயே செத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுகை வரவில்லை. யாரோ இன்னொருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஒரு கையால் என் கணவருக்குப் போன் போட்டேன். ஷிப்ட் பஸ் இரைச்சல் கேட்டது. பச்சை இருபத்திரண்டு, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், வயிற்றை அறுப்பார்களாம் என்றேன். பஸ் மட்டும் இரைந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தபோது அவர் குரல் வந்தது.

"பட்டைய எடுத்துட்டு வயித்த துடைக்கச் சொல்லு."

"என்னது?"

"வயித்த துடைக்கச் சொல்லு. இப்பவே சொல்லு. நான் வரேன்."

வைத்துவிட்டார். கல்யாணமான நாளாக அந்த மனிதரை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. பிள்ளை சாகக் கிடக்கிறாள், இவருக்குத் துடைக்க வேண்டுமாம். ரிமோட்டும் மகளும் ஒன்றா. இருந்தாலும், உதவாத வார்த்தையைக்கூடக் கீழே போட மனமில்லாத நேரம் அது. சிஸ்டரிடம் சொன்னேன். டாக்டர் வந்ததும் எல்லாம் கழற்றித்தான் பார்ப்போம் என்றார் அவர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் படியேறி ஓடி வந்தார்.

துணியை அவிழ்த்தார்கள். குழந்தையை என் நெஞ்சிலிருந்து தூக்கியதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பார்த்தது குழந்தையை இல்லை, என்னை. குனிந்து பார்த்தேன். என் நெஞ்சில், அவள் வயிறு ஒட்டியிருந்த இடத்தில், கன்னங்கரேலென்று ஒரு திட்டு.

டாக்டர் குழந்தையைச் சூட்டு விளக்குக்குக் கீழே கிடத்திப் பட்டையை உரித்தார். தொப்புளைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் கருப்பாக எண்ணெய்ப் பசையோடு ஒரு பூச்சு. பட்டையில் வெளிச்சம் வரும் கண்ணாடியிலும் அதே கருப்பு.

"சுரங்கத்துக் கரியா?" என்றார் டாக்டர்.

சிஸ்டர் விரலால் தொட்டு முகர்ந்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். "வசம்பு டாக்டர்."

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க வந்தது. வேறு பட்டையை எடுத்துச் சுத்தமான இடத்தில் ஒட்டினார்கள். கோடுகள் வந்தன. மூன்று பேரும் பெட்டியையே பார்த்தோம். ஐம்பத்தெட்டு. பிறகு அறுபத்தொன்று. டாக்டர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார்.

"வெளிச்சம் உள்ளயே போகல. கரி மொத்தத்தையும் முழுங்கியிருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்த வயசுக் குழந்தையை வண்டியில ஏத்தி அவ்வளவு தூரம் கொண்டுபோறதே ஆபத்து. இந்த நம்பர நம்பி உள்ள திறந்திருந்தா? யாரு தடவுனது?"

சிஸ்டர் என் நெஞ்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் உடம்பில் கரி இருக்கிறது, என் பையில் வசம்பு இருக்கிறது, நான் தடவவில்லை. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

கதவோரத்தில் அக்கா நின்றிருந்தார். கருவி கத்தியதைக் கேட்டு உள்ளே வந்திருக்க வேண்டும். அவர் என் நெஞ்சில் இருந்த கருப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நாந்தாங்க தடவுனேன்" என்றார். "அது பாலெடுக்கப் போனப்ப. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அதன் பிறகு நான் பேசியது எதையும் இங்கே முழுதாக எழுத முடியாது. நடைபாதையில் அவரை நிறுத்தி வைத்துப் பேசினேன். எத்தனை தடவை சொன்னார் உங்கள் கொழுந்தன், காதில் வாங்கினீர்களா என்றேன். என் பிள்ளையை அறுக்க வைத்திருப்பீர்களே என்றேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற கை என்றுகூடச் சொன்னேன். அத்தனை நாள் அடைத்துக் கிடந்த வாய் மொத்தமாகத் திறந்துகொண்டது. மற்றக் குழந்தைகளின் அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்து, கருத்த விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் படியேறி வந்தபோது நான் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. யூனிபார்ம், பூட்ஸ். யாரோ ஒருவரின் வண்டியில் பாதி வழியிலிருந்து திரும்பியிருக்கிறார். என்னிடம் முதலில் கேட்டது, "எவ்வளவு?"

"அறுபத்திரண்டு. உங்க அண்ணிதான் வசம்பத் தடவி..."

"அண்ணி இல்ல" என்றார். "நாந்தான்."

எனக்குப் புரியவில்லை. சிஸ்டரும் வெளியே வந்திருந்தார். அவருக்கும் புரியவில்லை. என் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே எண்ணெயில் குழைத்த கரி. பக்கத்திலேயே, சென்சார் துடைக்க அவர் வைத்திருக்கும் பஞ்சுக் குச்சி, நுனி கருத்துப்போய். காலையில் குவார்ட்டர்ஸில் கேஸ் அடுப்பில் வைத்துச் சுட்டிருக்கிறார். கங்காரு நேரத்தில், துணிக்குள்ளேயே தடவியிருக்கிறார்.

"நீங்க மெஷினோட வேலை பாக்கறவர்தானே?" என்றார் சிஸ்டர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. திகைப்புதான் இருந்தது.

"ஆமாங்க. லென்சுல தூசி பட்டா என்ன ஆகும்னு ஊருக்கே சொல்றவன்." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நேத்து முழுக்க அந்த மஞ்சள் ஏறிக்கிட்டே இருந்துச்சு. எங்க வேலையில பிரஷர் ஏறினா இன்னொரு பம்ப ஓட்டுவோம். இங்க நான் என்னத்த ஓட்டறது, சொல்லுங்க. அண்ணிகிட்ட கேட்டு வாங்கினேன். பட்டை அந்த எடத்துல வரும்னு தோணவே இல்ல. பஸ்ல இவ நம்பரச் சொன்னப்பதான்..." அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ சிரிப்பேன்னு நினைச்சேன்" என்றார்.

அவரைத் திட்ட என்னிடம் எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே செலவழித்திருந்தேன். அக்கா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம்.

"அப்ப நீ இல்லியாம்மா?" என்றார்.

கைப்பை என் தோளில்தான் தொங்கியது. அதற்குள் அவர் ஒடித்துக் கொடுத்த பாதித் துண்டு இருந்தது. எனக்கும் என் கணவருக்கும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். என் நெஞ்சின் கரியைக் கதவோரத்திலிருந்து பார்த்தவர், தடவியது நான் என்றே நினைத்திருக்கிறார். நான் பேசப் பேச, ஆத்திரத்தில் இருக்கிறேன் என்று அவர் நினைக்கவில்லை. டாக்டர் நம்பவேண்டும் என்பதற்காக நான் நடிக்கிறேன் என்று நினைத்து, அதற்கு ஒத்தாசையாகத் தலையைக் குனிந்து நின்றிருக்கிறார்.

மஞ்சள் எண் இறங்கச் சில நாட்கள் ஆயின. வயிறு இளகியது, பாலைத் திரும்பக் கொடுத்தார்கள், ஒரு நாள் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இப்போது அவள் குப்புற விழுந்து, அப்பாவின் பூட்ஸைப் பிடித்து இழுக்கிறாள். அக்கா வரும்போதெல்லாம் அவர் மடிக்குத்தான் முதலில் தாவுகிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப பேசிக்கினு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

ஆனால் அன்று அந்த நடைபாதையில் நான் அவரிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. அத்தனையையும் அவர் எனக்காகத்தான் வாங்கிக்கொண்டார், என்னிடமிருந்தே.